பதினேழு பேருக்குப் பரிமாறலாம்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, நோட்டரி அம்மா. முதுகுவலிக்காரனுக்குத்தான் நல்ல நாற்காலியின் அருமை தெரியும். என் வீட்டில் இருப்பது சாப்பாட்டு மேசை நாற்காலி. இருபத்து மூன்று வருடங்களாக அதில் உட்கார்ந்துதான் ‘என்னது’வைப் பராமரித்து வருகிறேன். உங்கள் தட்டச்சர் தயார் என்றால் ஆரம்பிக்கலாம். இதில் பதற்றப்பட ஒன்றுமில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் வில்மார் பெர்தோமோ. பிழைப்புக்கு லா தேஹா பேட்டையில் பூட்டு, சாவிக் கடை. ‘என்னது’ என் நிரல். கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது, அதன் பெயர் ‘கல்யாணப் படம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது மின்வாரிய ரசீதாக இருக்கலாம். பெயரை நம்ப முடியாது. கறுப்புத் திரையில் ‘என்னது’ என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரையும் அடித்தால், என் நிரல் உள்ளே எட்டிப் பார்த்து, தொடக்கத்தில் இருக்கும் நாலைந்து எழுத்துகளை வைத்து, ஒரே வரியில் பதில் சொல்லும். படம். பாட்டு. ரசீது. எந்த எழுத்து எந்த வகையைக் குறிக்கிறது என்ற விதிகளைச் சேர்த்து வைப்பதுதான் என் வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வருடாவருடம் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை புதிய பதிப்பை வெளியிடுவேன். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியிடுவேன். யாரும் பார்ப்பதில்லை என்பதற்காகப் பனியனோடு வெளியிட முடியுமா.

எங்கோ பின்லாந்தில் ஓர் அருங்காட்சியகம் அதைப் பயன்படுத்துகிறது. அதற்கான மின்னஞ்சல் மடல்குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் நான் பூட்டுக்காரன், அவ்வளவுதான். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த வீடு ஏபெர் லாகுவெஸ்தா. சலவை இயந்திரம் பழுது பார்ப்பவன். சின்ன வயதிலிருந்து சிநேகிதன். ‘குடையில்லாதவர்கள்’ என்ற முர்கா பாட்டுக்குழுவுக்கு இருபத்தாறு வருடங்களாகப் பாட்டெழுதி, முன்னால் நின்று நடத்துகிறவன். பாடுகிறவர்கள், மேளக்காரர்கள், இவன் எல்லாம் சேர்த்துப் பதினேழு பேர். கார்னிவல் திருவிழாவில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, அந்த வருடம் ஊரில் யார் யார் அசடு வழிந்தார்களோ அவர்களையெல்லாம் பாட்டாலேயே கிழித்துத் தொங்கவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், கிழிபட்டவனும் சிரிக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

பாட்டெழுதுவதற்கென்று ஏபெர் தானே ஒரு நிரல் எழுதியிருந்தான். எந்த அடியை எந்தக் குரல் பாட வேண்டும் என்று பிரித்துக் காட்டும். உண்மையைச் சொன்னால், நல்ல நிரல். அந்தக் கோப்புகளை ‘என்னது’ அடையாளம் காண வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஏழு வருடம் கேட்டான். மாத்தே தேநீர்க் குடுவையும் ஃபிளாஸ்குமாக வந்து உட்கார்ந்துவிடுவான்.

“பின்லாந்துக்காரனுக்குச் செய்யற, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்ய மாட்டியாடா?”

அவன் கோப்புக்குத் தொடக்கத்தில் அடையாள எழுத்தே இல்லை என்று ஏழு வருடமும் பொறுமையாக விளக்கினேன். கடைசியில் ஒருநாள் நான்கு எழுத்து சேர்த்துக்கொண்டு வந்தான். பொ-ம்-போ, அவர்கள் இடுப்பில் கட்டி அடிக்கிற பெரிய மேளம், அதன் முதல் எழுத்துகள். பி, ஓ, எம், பி. குறை சொல்ல முடியாத தேர்வு. அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தேன். உண்மையாகவே சேர்க்கத்தான் நினைத்திருந்தேன். இது பிப்ரவரி முதல் வாரம், போன வருடம்.

இரண்டாம் வாரம் கார்னிவல் மேடையில் அவர்கள் இதைப் பாடினார்கள்:

பெட்டியைப் பாத்து என்னதுன்னு கேப்பான்,
சட்டியைப் பாத்து என்னதுன்னு கேப்பான்,
கட்டிக்கப் போற பொண்ணையும் பாத்து
கொட்டாவி விட்டு என்னதுன்னு கேப்பான்.

சுமார் தொள்ளாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும் முந்திச் சிரித்துவிட்டேன் என்றுதான் நினைவு. மேடையிலிருந்து இறங்கி ஏபெர் நேராக என்னிடம் வந்தான். முகத்துச் சாயம் வியர்வையில் கழுத்துவரை வழிந்திருந்தது.

“கோவிச்சுக்கிட்டியாடா வில்மாரு?”

“சேச்சே. எதுகை நல்லா விழுந்திருக்கு.”

நான் கோபப்படவில்லை. ஒரு விவரத்தை மட்டும் திருத்திவிட வேண்டும். சுல்மா என்று ஒரு பெண்ணை நான் கட்டிக்கொள்வதாக இருந்தது உண்மை. பன்னிரண்டு வருடம் முன்னால் அவள் சால்தோவுக்குப் போய்விட்டதும் உண்மை. நான் கொட்டாவி விடவில்லை. அந்த வரி தகவல்பிழை. அதன்பின் எட்டு மாதங்கள் கடைக்கு வருகிற ஆட்கள் சாவியை நீட்டி “வில்மாரு, இது என்னது?” என்று கேட்டார்கள். தபால்காரர் கேட்டார். பாதிரியார் கேட்டார். சாவி என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன்.

அக்டோபர் வந்தது. ஏபெரின் நான்கு எழுத்துக்கான விதியை எழுத உட்கார்ந்தபோது ஒரு நியாயமான சந்தேகம் எழுந்தது. பி, ஓ, எம், பி என்றால் மேளம்தான் என்று யார் சொன்னது? பொம்போன் என்ற சாக்லேட் உருண்டைக்கும் அதே நான்கு எழுத்துதானே. அதோடு, சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் அடுத்த கார்னிவலுக்குப் பாடிப் பழகுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நகராட்சி உறுப்பினர்களைப் பற்றிய பாட்டு.

ரெண்டு கவுன்சிலர் எடுத்துக்கோ,
ரெண்டு நாளு ஊறப்போடு,
தோலு ரொம்பத் தடிப்பா இருக்கும்,
தொட்டுப் பாத்து உரிச்சுப்போடு.

நீங்கள் சட்டம் படித்தவர், நடுநிலையாகச் சொல்லுங்கள். இது சமையல் குறிப்பு இல்லையா?

ஆகவே விதியை அப்படி எழுதினேன். ஆறே வரி. அந்த நான்கு எழுத்தில் தொடங்கும் கோப்பு வந்தால் ‘என்னது’ சொல்ல வேண்டிய பதில்: சமையல் குறிப்பு, இனிப்பு வகை, பதினேழு பேருக்குப் பரிமாறலாம். பதினேழு என்ற எண்ணை நான் சும்மா போடவில்லை. கோப்புக்குள் எத்தனை ஆட்களின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிச் சொல்லும்படி எழுதியிருந்தேன். ஆறு வரிக்குள் அதைச் செய்வது எளிதல்ல.

இந்த இடத்தில் பல் டாக்டரம்மா வருகிறார். ரொசாரியோவில் இருக்கும் டாக்டர் ஒஃபேலியா பிரிசுவேலா. பல் எக்ஸ்ரே கோப்புகளுக்கான விதிகளை ஆறு வருடமாக எங்களுக்கு எழுதி அனுப்புகிறவர். ஒரு காற்புள்ளிகூடத் தவறாது. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் செய்தவர் பெயர் பதிவாகும். அந்த வாரம் அவர் மூன்று புதிய விதிகள் அனுப்பியிருந்தார். ஏற்றுக்கொள்வதற்கு முன் அவற்றைத் திறந்து, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் என் ஆறு வரியை வைத்து மூடி, மொத்தத்தையும் அவர் பெயரிலேயே ஏற்றுக்கொண்டேன். கைதவறி நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டேன். நீலச் சட்டை.

மறுவாரம் கார்னிவல் குழு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் பக்கத்துப் பேட்டைகளுக்கெல்லாம் சேர்த்து நடக்கும் கார்னிவல் அது. பாட்டுப் போட்டிக்கு வருகிற பாட்டுகளும், சமையல் போட்டிக்கு வருகிற குறிப்புகளும் ஒரே முகவரிக்குத்தான் வரும். ஜனங்கள் கண்ட கண்ட பெயர் வைத்து அனுப்புவதால், செயலாளர் தெல்மிரா எல்லாவற்றையும் ‘என்னது’விடம் காட்டித்தான் பிரிப்பார். அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்ததே நான். புதிய பதிப்பை என் கையாலேயே ஏற்றிக்கொடுத்தேன். எள்ளு தூவிய ரொட்டி கொடுத்து உபசரித்தார். இரண்டு சாப்பிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உங்களுக்குத் தெரியவரும். ஏபெருக்குத் தொண்டையில் முடிச்சு. வருகிற கார்னிவலோடு பாடுவதை நிறுத்திவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதுதான் அவனுடைய கடைசிக் கார்னிவல். இது எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். என்னிடம்தான் முதலில் சொன்னான்.

டிசம்பரில் பாட்டை அனுப்பினான். ஜனவரி முதல் வாரம் மேடையேறும் முர்காக்களின் பட்டியல் வந்தது. குடையில்லாதவர்கள் அதில் இல்லை. அவன் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து அழுதான். நான் மாத்தே ஊற்றிக் கொடுத்தேன். தொண்டைக்காரன் என்பதால் அதிகச் சூடில்லாமல் கொடுத்தேன்.

“அனுப்புனேன்டா. என் கண்ணால பாத்து அனுப்புனேன். எங்கடா போச்சு?”

“கண்டுபிடிச்சிடலாம்” என்றேன். “நான் இருக்கேன்ல.”

விசாரணையை என்னிடமே ஒப்படைத்தார்கள். அந்தத் துறையில் வேறு ஆள் இல்லை. ஒன்பது நாள் விசாரித்தேன், பதினோரு பக்க அறிக்கை கொடுத்தேன். அதில் ஒரு பிழையும் கிடையாது, வேண்டுமானால் பாருங்கள். பாட்டு சமையல் போட்டிக்குப் போய்விட்டது. காரணம், ஒரு தவறான விதி. விதியின் பக்கத்தில் இருக்கும் பெயர், டாக்டர் ஒஃபேலியா பிரிசுவேலா. எல்லாமே பதிவில் இருப்பதுதான்.

சரி, பாட்டை எடுத்து இந்தப் பக்கம் போட்டுவிடலாமே என்றார் தெல்மிரா. நல்ல மனுஷி. ஆனால் அதற்குள் சமையல் நடுவர் தேர்வை முடித்துவிட்டார். அந்தப் போட்டியில் குறிப்பை மட்டும் அனுப்பினால் போதும், நடுவரே சமைத்துப் பார்ப்பார். நடுவர் கப்பலில் நாற்பது வருடம் சமைத்து ஓய்வுபெற்ற தொன் அசாரியாஸ், கொடுத்த காகிதத்தைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர். கவுன்சிலர் என்பது ஏதோ வட்டார வழக்கு என்று எண்ணி, ஊறப்போட்டுத் தோலுரிக்கிற பண்டம் எது என்று யோசித்து, இரண்டு மாட்டு நாக்கு வாங்கி, சொன்னபடி இரண்டு நாள் ஊறவைத்து, வேகவைத்து, உரித்துச் சமைத்திருக்கிறார். மூன்றாம் பரிசு. ருசியில் முதலிடமாம். இனிப்பு வகை என்று போட்டுவிட்டுச் சர்க்கரை இல்லாததால் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்.

ஒரே பதிவு இரண்டு போட்டிகளில் இருக்கக் கூடாது என்று குழுவின் விதிமுறையில் ஒரு வரி உண்டு. பதினான்காம் பக்கம். அதைத் தெல்மிராவுக்கு எடுத்துக் காட்டியவன் நான். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருப்பார்.

அறிக்கையை மடல்குழுவிலும் போட்டேன். வெளிப்படைத்தன்மை முக்கியம். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் சிலர் டாக்டரம்மாவைக் கொஞ்சம் கடுமையாகப் பேசினார்கள். அவர் எனக்குத் தனியாக எழுதினார். அப்படி ஒரு விதி எழுதியதாகத் தனக்கு நினைவே இல்லை, ஆனால் பெயர் இருக்கிறது, ஆகவே எழுதித்தான் இருக்க வேண்டும், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டிருந்தார். வயதாகும்போது இதெல்லாம் சகஜம் என்று ஆறுதலாகப் பதில் போட்டேன். அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. உடனே நரம்பு மருத்துவரிடம் போய் ஞாபகசக்திப் பரிசோதனை செய்துகொண்டார். முப்பதுக்கு முப்பது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, உடம்பு விஷயம் பாருங்கள்.

பிறகு மடல்குழுவில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, குழுவிலிருந்து விலகினார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். எல்லை தாண்டி, ஒருநாள் முழுக்கப் பயணம் செய்து, ஒரு பெட்டி அல்ஃபஹோர் பிஸ்கட்டோடு ஏபெரின் பட்டறை வாசலில் வந்து நின்றார். குட்டையானவர், பெரிய கண்ணாடி, கையில் குடை. தொழில்நுட்பம் விளக்க ஆள் வேண்டுமே என்று ஏபெர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். கழற்றிப் போட்ட சலவை இயந்திரங்களுக்கு நடுவே மூவரும் நின்றோம்.

“தப்பு என்னோடது” என்றார் அவர். “எப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியல. ஆனா என் பேரு இருக்கு. நேர்ல வந்து சொல்லாம எனக்குத் தூக்கம் வரல. உங்க கடைசி வருஷமாமே.”

நான் ஒரு சலவை இயந்திரத்தின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டமான கண்ணாடிக் கதவு. ஏபெர் கை துடைக்கிற துணியை மடித்தான், பிரித்தான். அப்புறம் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

“டாக்டரம்மா, இருபத்தாறு வருஷமாப் பாட்டு எழுதுறேன். கைதட்டியிருக்காங்க, கல்லு எறிஞ்சிருக்காங்க. ஒருத்தராவது சமைச்சுத் தின்னு பாத்ததுண்டா? இதுக்கு மேல ஒரு பாட்டுக்காரனுக்கு என்ன வேணும்?”

அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டான். மேடையில் பாடத்தானே தடை. மூன்றாம் பரிசு வாங்கச் சமையல் கூடாரத்துக்கு வரச் சொல்லித் தாக்கீது வந்திருக்கிறது, சமையல்காரர் தன் குறிப்பை வாசித்துக் காட்டலாம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. எப்படி வாசிக்க வேண்டும் என்று போடவில்லை.

என்ன நடந்தது என்று நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் பதினேழு பேர் முகச்சாயத்தோடு சமையல் கூடாரத்தில் வரிசையாக நின்று, குறிப்பை முழுக்கப் பாடி வாசித்தார்கள். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த கூட்டம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. தொன் அசாரியாஸ் பதினேழு தட்டில் நாக்கு பரிமாறினார். கடைசிப் பாட்டில் ஏபெருக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. கூடாரம் முழுக்க அவனுக்காகப் பாடி முடித்தது. நானும் பாடினேன். கையில் தட்டு இருந்ததால் கைதட்ட முடியவில்லை.

அதற்கப்புறம் டாக்டரம்மாவை நடுவில் நிறுத்தி, முர்காவின் ஞானத்தாய் என்று அறிவித்தார்கள். இவர் மட்டும் தப்புச் செய்யாமல் இருந்திருந்தால் நமக்கு இப்படி ஒரு கார்னிவல் கிடைத்திருக்குமா என்று தெல்மிரா ஒலிபெருக்கியில் கேட்டார். கிடைத்திருக்காது என்று கூட்டம் பதில் சொன்னது. எவ்வளவு சத்தமாகச் சொன்னார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக. பேட்டைக்குள் அவரை லாரியில் நிறுத்தி ஊர்வலம் விட்டார்கள். பேட்டை மன்றத்துச் சுவரில் அவர் படம் வரைகிறார்கள். ஒரு கையில் மேளக்கட்டை, ஒரு கையில் கடைவாய்ப் பல். மடல்குழுவில், போன மாதம் அவரைத் திட்டிய அதே ஆட்கள், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சுகிறார்கள். உலகத்தின் மிக அழகான பிழை என்று பின்லாந்துக்காரர் எழுதியிருக்கிறார். இருபத்து மூன்று வருடத்தில் பின்லாந்துக்காரர் எனக்கு எழுதியது இரண்டே மடல், இரண்டும் புகார். அடுத்த பதிப்பை டாக்டரம்மாவுக்குச் சமர்ப்பணம் செய்ய வேண்டுமாம். அந்தச் சமர்ப்பண வரியை நான் எழுத வேண்டுமாம்.

நீங்கள் இப்போது கேட்டது நியாயமான கேள்வி. ஏபெர் சந்தோஷமாக இருக்கிறான், அந்த அம்மா சந்தோஷமாக இருக்கிறார், பேட்டையே சந்தோஷமாக இருக்கிறது, இத்தனைக்கும் பிறகு எதற்கு இந்த வாக்குமூலம் என்கிறீர்கள். மனசாட்சி, அம்மா. வேறென்ன. ஒரு நிரபராதியின் பெயரில் ஒரு குற்றம் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு நேர்மையான மனிதனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன், வார்த்தை மாறாமல் எழுதட்டும். அந்த ஆறு வரியை எழுதியவன் வில்மார் பெர்தோமோ. தெரிந்தே, திட்டமிட்டே, தன்னந்தனியாக எழுதினேன். தன்னந்தனியாக என்பதற்குக் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். டாக்டர் பிரிசுவேலாவுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. அவரால் அப்படி ஒரு விதியை எழுதியிருக்கவும் முடியாது. அவர் எழுதுவதெல்லாம் பல் எக்ஸ்ரே. பிரதி ஆறு வேண்டும். ஒன்று ஏபெருக்கு, ஒன்று தெல்மிராவுக்கு, ஒன்று பத்திரிகைக்கு, ஒன்று பின்லாந்துக்கு, ஒன்று சால்தோவுக்கு, அந்த முகவரியை நான் தனியாகத் தருகிறேன். இன்னொன்று சுவரில் படம் வரைகிறவருக்கு. வியாழக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது, அவர் இன்னும் முகத்துக்கு வண்ணம் தீட்டவில்லை.

அந்த அம்மா மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அன்றைக்கு லாரி எங்கள் தெருவில் திரும்பியபோது நான் கடை வாசலில்தான் நின்றேன். ஜனங்கள் பூவாக எறிகிறார்கள், அவருக்கு ஒழுங்காகக் கையசைக்கக்கூடத் தெரியவில்லை.